நாலு வயதுக்காரிக்கு ஏழு வயதுச் சட்டை

கண்ணு,

வெள்ளகோவில் கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனவன் நீ, அதன் பிறகு என் போனை எடுப்பதே இல்லை. கம்பெனிக்கு அடித்தால் உன் மேனேஜர், "சார் மீட்டிங்ல இருக்கறாருங்க ஐயா" என்கிறார். காலையில் அடித்தாலும் மீட்டிங், மத்தியானம் நேரில் வந்து நின்றாலும் மீட்டிங். மீட்டிங்கிலேயே குடியிருக்கும் மனிதனிடம் பெற்றவன் எப்படிப் பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதை நம் சொந்தக்காரர்கள் வாட்ஸாப் குழுவிலும் போடப் போகிறேன். உன் மனைவியிடம் கேட்டுவிட்டேன். "போடுங்க மாமா, மறைச்சு மறைச்சுத்தான் ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க" என்றாள். ஆகவே இது உனக்கு எழுதியதுதான், ஆனால் ஊரே படிக்கலாம். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதுதானே உன் ஓயாத கவலை. அந்த நாலு பேருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அன்று நடந்ததை நீ உனக்கு வசதிப்பட்ட மாதிரி நினைவில் வைத்திருப்பாய். நான் வேண்டுமென்று உன்னை அவமானப்படுத்தவில்லை. பக்கத்து இலையில் உன் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் உட்கார்ந்திருந்தார். ரசத்துக்கு வரும்வரை மழை, நூல் விலை, தேங்காய் விலை என்று பேசிக்கொண்டிருந்தவர் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "ஏனுங்க மாப்ள, பேத்திக்கு என்னமோ கொறைன்னு பேசிக்கறாங்க. தாராபுரத்துக்காரங்க, அதானுங்க மருமக பொறந்த ஊட்டு வழியில வந்துருச்சாமா?" என்று கேட்டார். நீ எதிர் வரிசையில் இருந்தாய். உனக்குக் கேட்டது. நீ வாயைத் திறப்பாய் என்று ஒரு நிமிடம் பார்த்தேன். நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாய். நான்தான் சொன்னேன்: "இல்லீங்க மச்சான். மருமகளுக்கு ரத்தம் பாத்தாச்சு, ஒண்ணுமில்லீங்க. எங்கூட்டுப் பையனுக்குத்தான் இன்னும் பாக்கோணும். அவன் குடுக்க மாட்டீங்கறான்." இதில் ஒரு வார்த்தை பொய்யா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று போவதை இலையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. பாயசம் வருவதற்குள் நீ எழுந்துவிட்டாய். அந்தப் பாயசம் நன்றாகவே இருந்தது என்பதையும் தெரிந்துகொள்.

குழுவில் படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், நீயும் படி. நம் பனியன் தொழிலில் வயது என்பது ஓர் அளவு. குழந்தைச் சட்டையின் கழுத்தில் 2-3, 4-5, 6-7 என்று வருடத்தைத்தான் அச்சடிக்கிறோம். ஆயுளில் பாதியை, அளவுக்கு மாதிரி வெட்டித் தரும் பேட்டர்ன் மாஸ்டராகக் கழித்தவன் நான். மார்பும் தோளும் உயரமும் சொன்னால் குழந்தையின் வயதைச் சொல்வேன் என்று பந்தயம் கட்டியவன். இப்படிப்பட்ட வீட்டில் உன் மகள் பிறந்தாள். ஒரு வயதில் இரண்டு வயதுச் சட்டை போட்டாள், இரண்டு வயதில் நாலு வயதுச் சட்டை. வேறு எந்த ஊரிலாவது இருந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். நம் வீட்டில் நீ, நான், உன் அம்மா மூன்று பேருக்கும் தலைகால் புரியவில்லை. நீ சாம்பிள் ரூமில் அவளை நிறுத்தி அளவு பார்த்தாய். "எம்பொண்ணு சைஸ் சார்ட்டுக்கே அடங்கமாட்டாளுங்க" என்று, ஆர்டர் கொடுக்க வரும் பையர் ஆபீஸ்காரர்களிடமெல்லாம் சொன்னாய். நான் டேப்பை மடக்கிக்கொண்டு, நம்ம வம்சமே ஓங்குதாங்கான வம்சம் என்று ஒத்து ஊதினேன். உன் மனைவி ஒருத்திதான், "அழுகுரல் கரகரன்னு இருக்குதுங்க, இன்னும் நிதானமா நடக்கறதில்லீங்க, பேச்சும் வரலீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாம் அவளுக்குச் சட்டையைக் காட்டினோம்.

கடைசியில் அவள்தான் இங்கே குழந்தை டாக்டரிடம் காட்டினாள். அவர் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு வயதை மீறி முதிர்ந்திருக்கிறது, கோயமுத்தூரில் மரபணு டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார். உனக்கு ஷிப்மென்ட். நான் கூடப் போனேன். குழந்தையின் ரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள், முடிவு வந்தது, அதைக் கேட்கவும் நானும் மருமகளும்தான் போனோம். அப்போதும் உனக்கு ஷிப்மென்ட். அறிக்கையை உன் மேஜையில் கொண்டுவந்து வைத்தேன். அதன் மேல் நீ துணி சாம்பிளை வைத்தாய். நோயின் பெயர் அதில் இருக்கிறது, நானே இங்கே எழுதிவிட்டால் நீ அறிக்கையைத் திறக்கவே மாட்டாய். பெயரை விடு, விஷயத்தையாவது கேள்.

அந்த டாக்டரம்மாவுக்கு வயது உன்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பொறுமை நம் வீட்டு மொத்த ஆட்களுக்கும் இருப்பதைவிட அதிகம். நான் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் முதலிலிருந்து சொன்னார். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுவும் இருக்கிறதாம். கண்ணில் இருக்கும் செல்லுக்குள் கல்லீரல் செய்வதற்கான சமாசாரமும் உண்டு, கால் எலும்பில் இருக்கும் செல்லுக்குள் மூளைக்கானதும் உண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்தால் உடம்பு உடம்பாக இருக்காது. ஆகவே அந்தந்த இடத்தில் வேண்டாததையெல்லாம் அணைத்து வைக்க வேண்டும். மரபணு நூல் சும்மா கிடப்பதில்லை, சின்னச் சின்னப் புரத உருண்டைகளின் மேல், நம் கோனில் நூல் சுற்றியிருப்பது போலச் சுற்றியிருக்கிறது. அணைத்து வைக்கும் வேலைக்கென்று சில புரதங்கள் கூட்டாகச் சேர்ந்து இயங்குகின்றன. பாலிகோம்ப் என்று அதற்குப் பெயர். அதில் ஒரு கூட்டு, அந்த உருண்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வால் போன்ற பகுதியில் மெத்தில் என்ற ஒரு சின்ன அடையாளத்தை வைக்கிறது. இன்னொரு கூட்டு அந்த அடையாளத்தைப் பார்த்து வந்து, அந்த இடத்தை இறுக்கி, மரபணுவைப் படிக்க வரும் மற்றப் புரதங்கள் உள்ளே நுழைய முடியாமல் செய்கிறது. மரபணு அழிவதில்லை. இருக்கிறது, ஆனால் பேசாமல் இருக்கிறது.

எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. "ஏம்மா, செல்லு ஒண்ணு ரெண்டாகுதுங்களே, அப்ப இந்த அடையாளம் என்னாகுமுங்க?" என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதுதாங்க ஐயா முக்கியமான கேள்வி. பழைய அடையாளத்துல பாதி இங்க வரும், பாதி அங்க போகும். அந்தப் புரதக் கூட்டு பழைய அடையாளம் இருக்கற எடத்தப் பாத்துப் பக்கத்துல புதுசா வெக்கும்." நம் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் ஓடக்கூடாத லைனின் சுவிட்ச் மேல் டேப் ஒட்டி வைப்பாரே, அது நினைவுக்கு வந்தது. ஷிப்ட் மாறினாலும் ஆள் மாறினாலும் டேப்பைப் பார்த்தவன் அதைத் தொட மாட்டான். டேப் கிழிந்தால் அடுத்து வருகிறவர், மிச்சம் ஒட்டியிருப்பதைப் பார்த்து மறுபடி ஒட்டிவிடுவார். அணைத்து வைத்தது அணைந்தே இருக்கும். நான் இதைச் சொன்னதும் "அப்படியே வெச்சுக்கலாங்க" என்றார். உடனே நீ இதில் தத்துவம் தேடாதே. பேசாமல் இருப்பது உடம்புக்கே நல்லது என்று அப்பாவே எழுதியிருக்கிறார் என்பாய். மரபணு பேசாமல் இருந்தால் குழந்தைக்கு நல்லது. நீ பேசாமல் இருப்பதால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை.

உன் மகளுக்கு என்ன என்றால், அந்த அடையாளத்தை வைக்கும் புரதத்துக்கான மரபணுவில் ஒரே ஓர் இடத்தில் ஒரு மாற்றம். அதே மரபணுவின் இன்னொரு பிரதி சரியாக இருக்கிறது. அதனால் வேலை நடக்கிறது, முழுசாக நடப்பதில்லை. உரிய காலத்தில் அடங்கியிருக்க வேண்டிய சிலது அடங்கவில்லை, உடம்பு வயதை முந்திக்கொண்டு ஓடுகிறது. எது எப்படி இந்த வளர்த்தியில் கொண்டுவந்து விடுகிறது என்பது இன்னும் முழுதாகத் தெரியாது என்று டாக்டரம்மாவே சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒருவரை அன்றுதான் நேரில் பார்த்தேன். செய்ய வேண்டியது என்னவென்று மட்டும் தெளிவாகச் சொன்னார். பேச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி, முதுகெலும்பைக் கவனிப்பது, அவ்வப்போது பரிசோதனை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. "அவளைப் பாத்தா எல்லாரும் பெரிய கொழந்தைன்னு நெனப்பாங்க. நீங்க அவ வயசுக்குத்தான் பழகோணும்." உன் மனைவி அதைப் போனில் பதிவு செய்து உனக்கு அனுப்பினாள். அந்தச் செய்தியில் இன்றுவரை நீல டிக் விழவில்லை.

இந்த மாற்றம் பெரும்பாலும் அப்பா அம்மா இருவருக்கும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதுதானாம். சில குடும்பங்களில் மட்டும் பெற்றவர்களில் ஒருவருக்கு லேசாக இருந்து, தெரியாமலே போய், குழந்தைக்கு வந்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இருவர் ரத்தமும் கேட்டார்கள். உன் மனைவி அன்றே கையை நீட்டினாள். அவளுக்கு இல்லை. மிச்சம் நீ ஒருவன். உனக்கு இல்லையென்றால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. இருந்தால் பாதிக்குப் பாதி. அவளுக்கு இன்னொரு குழந்தை வேண்டும் என்று ஆசை, உனக்கும்தான். இந்தப் பதில் இல்லாமல் அவள் எதை நம்பி முடிவெடுப்பாள்? உனக்கு இருந்தால் உன் உடம்பையும் டாக்டர் பார்க்க வேண்டும். இத்தனையும் ஒரு சின்னக் குழாய் ரத்தத்தில் இருக்கிறது. ரத்தம் எடுக்கும் ஆள் கம்பெனிக்கே வந்து, ரிசப்ஷனில் உட்கார்ந்து, டீ குடித்து, திரும்பிப் போனார். ஆனால் ஜோசியக்காரர் சொன்னார் என்று பரிகாரத்துக்கு ராத்திரி பகல் பாராமல் கார் ஓட்டிக்கொண்டு போனாய். போ, சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் எந்தச் சாமியும் உன்னை ரத்தம் கொடுக்காதே என்று சொல்லியிருக்காது. உன் அம்மா கேட்டாள்: "ஊசி குத்துனா அவன் என்ன கொறைஞ்சா போயிருவான்?" அதற்குப் பதிலை நீ அவளிடமே சொல்.

என்ன பயம் என்று எனக்குத் தெரியும் கண்ணு. நீயும் பெரிய குழந்தைதான். ஆறு வயதில் உனக்குப் பத்து வயதுப் பையன் சட்டை தைத்துக் கொடுத்தவன் நான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் உயரத்தைப் பார்த்து உன்னைப் பெரிய பையன்களோடு கபடிக்கு விட்டார். முட்டி பெயர்ந்து அழுதுகொண்டு வந்தாய். பல்லடம் பஸ் நிறுத்தத்தில் அத்தனை பேர் முன்னால், "இத்தாச்சோட்டுப் பெரிய பையன் அழுகலாமா?" என்று நான் அதட்டினேன். நீ அழுகையை விழுங்கிய விழுங்கல் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. உனக்கு வயது ஆறுதான் என்பதை அன்றைக்கு அந்த நிறுத்தத்தில் ஒருவருமே நினைக்கவில்லை, பெற்ற நானும் நினைக்கவில்லை. அதனால் உன்னிடமிருந்துதான் போயிருக்குமோ என்று நீ நினைக்கிறாய். நானும் நினைத்தேன். ஆகவே போன மாதம் யாரிடமும் சொல்லாமல் கோயமுத்தூர் பஸ் ஏறிப் போய், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அந்த டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தேன். "எங்கிட்ட இருந்து எடுத்துக்கங்கம்மா, அவன் வர மாட்டீங்கறான்" என்றேன். "உங்க ரத்தம் இப்ப வேண்டாங்க ஐயா. அவருக்கு இருக்குதான்னு தெரிஞ்சாத்தான் உங்களப் பாக்கறதுக்கே அர்த்தம்" என்றார். சுருட்டிய கையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தேன். ஒருவேளை உன்னிடம் இருந்தால், அதை நீ கடையில் வாங்கி வந்து அவளுக்குப் போடவில்லை. என்னிடமிருந்து வந்திருக்கலாம், உன் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், உன்னிடமே முதலில் தோன்றியிருக்கலாம். இதில் தலை குனிய என்ன இருக்கிறது? பெண்டாட்டி பிறந்த வீட்டின் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு அப்பளம் நொறுக்குவதுதான் தலைகுனிவு.

இனி எழுதப் போவதை நான் எழுத வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும். பையர் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்த அன்று உன் மனைவி உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள், குழந்தையும் வந்தாள். செக்கிங் டேபிளில் இருந்த சிவப்பு பட்டன் டப்பா வேண்டும் என்று கேட்டு, கொடுக்காததால் தரையில் படுத்துப் புரண்டாள். நாலு வயதுக் குழந்தை வேறென்ன செய்யும்? ஆனால் பார்க்க ஏழு வயது. வந்திருந்த பெண்மணி முகத்தைச் சுளித்து யார் என்று கேட்டார். நீ, "சொந்தக்காரங்க கொழந்தைங்க, கொஞ்சம் செல்லம்" என்றாய். நான் பேட்டர்ன் டேபிளருகே நின்றிருந்தேன். உன் மனைவி உன் பின்னால் டிபன் கேரியரோடு நின்றிருந்தாள். குழந்தையைத் தூக்க முடியாமல் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். மறுநாள் தாராபுரம் பஸ். நீ கேட்கிறவர்களிடம் பரீட்சை லீவுக்கு அம்மா வழி அப்புச்சி ஊட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்கிறாய். எந்தப் பள்ளியில் நாலு வயதுக்குப் பரீட்சை?

போன ஞாயிற்றுக்கிழமை நான் தாராபுரம் போனேன். சம்பந்தி ஒரு சுடுசொல் சொல்லவில்லை. "வாங்க, சாப்புடலாம் வாங்க" என்றார். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். கூடத்தில் உன் மகள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பருப்புச் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. அவளுடைய அம்மாயி, நம் சம்பந்தியம்மா, கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக இப்படித்தான், ரெண்டு வாய்க்கு மேல் வாங்குவதில்லை, டாக்டரிடம் காட்டினோம், உடம்புக்கு ஒன்றுமில்லை என்கிறார் என்று உன் மனைவி சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் சாமி சாப்பிடலை என்று கேட்டேன். பேச்சு இன்னும் கோர்வையாக வருவதில்லை, உனக்கே தெரியும். வார்த்தை வார்த்தையாகத்தான் சொன்னாள். "சாப்புட்டா பெருசாயிருவேன். பெருசானா அப்பாக்கு வேண்டாம். குட்டியாயிட்டு ஊட்டுக்குப் போறேன்."

உன் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கும் எங்கேயாவது போக வேண்டும் போல இருந்தது, ஆனால் குழந்தை என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? மெத்தில் அடையாளத்தைச் சொல்லவா, உன் மீட்டிங்கைச் சொல்லவா? அவள் உடம்பில் அணைய வேண்டியது எது அணையவில்லை என்று ஆராய ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதற்குக் காரணமாக நான் பார்க்கும் ஆள் நீ ஒருவன்தான். இதை ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றும். ஆமாம், ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். நீ நல்லவன், கெட்டிக்காரன், வேலைக்காரர்களுக்கு ஒன்றென்றால் முதல் ஆளாக ஆஸ்பத்திரியில் நிற்பவன். ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்குக் கையில் தையல் மெஷின் ஊசி ஏறியபோது உன் சட்டையெல்லாம் ரத்தம். அத்தனை மனசு உள்ளவன் சொந்த வீட்டில் இப்படி நடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை காலையில் அந்த ரத்தம் எடுக்கும் ஆளை மறுபடி கம்பெனிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லையாம், சாப்பிட்டுவிட்டே உட்கார். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அது என்னவாக வந்தாலும் வரட்டும், அதுவரை காத்திருக்காதே. கையில் பஞ்சை ஒட்டியதும் கிளம்பிவிடு, மத்தியானச் சோற்றுக்குத் தாராபுரத்தில் இருக்கலாம். போய் அவளைத் தூக்கு. கனமாக இருப்பாள், உன் முதுகு வலிக்கும், வலித்தால் வலிக்கட்டும். தூக்கிக்கொண்டு தெருவுக்கு வா. வழியில் எவராவது நின்று பார்த்து யாரு இது என்று கேட்டால் முகத்தைத் திருப்பாதே. "எம்பொண்ணுங்க. நாலு வயசாகுதுங்க" என்று அவள் காதில் விழும்படி சொல்.

கோபம் இன்னும் தீராத,
உன் அப்பா